'தவறணை'யைத் திருத்தலாகாது

வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை வட்டவளைப் பக்கமாக மேலேறி வந்து, அட்டனையும் டிக்கோயாவையும் மஸ்கெலியாவையும் ஒருமுறை மூடிக்கொண்டதென்றால், அதன்பின் பல வாரங்கள்வரை துவைத்த துணி உலராது. சாடியில் உப்பு கசிந்து நிற்கும். அலமாரியில் அடுக்கி வைத்த புத்தகத்தின் அட்டையை விரலால் தடவினால் திருநீறு பூசியதுபோல் வெண்பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு வரும். இலங்கையின் மலையகத்திலே நாலு புத்தகம் சேர்த்து வைத்திருப்பவர் யாவரும் அறிந்த துன்பம் இது. அதிலும், 1970-களில் செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி, பக்கவாட்டில் இரும்புக் கம்பி அடித்துக் கட்டப்பெற்று, தொழிலாளியும் வாங்கத்தக்க சொற்ப விலைக்கு விற்பனையான நாவல்களும் சிறுகதைத் தொகுதிகளும் இருக்கின்றனவே, அவற்றின் நிலைமை மிகவும் பரிதாபகரமானது. கம்பி துருப்பிடிக்கிறது, துரு காகிதத்தைத் தின்கிறது, இராமபாணப் பூச்சி துளைத்தது போக எஞ்சிய தாள், பழுத்த இலையைப்போல் நிறம் மாறி, மடித்தால் மடியாமல் ஒடிகிறது. வீரகேசரிப் பிரசுரமாக 1974-இல் வெளிவந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலின் முதற்பதிப்புப் பிரதி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் கையிலெடுத்தபோது, பக்கத்தைப் புரட்டுவதற்கே என் விரல்கள் அஞ்சின.

பெரிய நகரங்களில் வெளியான ஒரு புத்தகத்தின் ஒரு பிரதி கெட்டால், கல்லூரி நூல்நிலையத்திலோ, பழைய புத்தகக் கடையிலோ, யாரோ ஒரு பண்டிதர் வீட்டுப் பெட்டியிலோ மறுபிரதி அகப்படும் என்று நம்பியிருக்கலாம். மலையக நூல்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவை சிறு தொகையாக அச்சாயின. நூல்நிலையம் என்ற ஒன்றையே காணாத தோட்டங்களில், லயம் என்னும் வரிசைவீடுகளின் காம்பராக்களில், தகரக் கூரையின்கீழ், துணிமூட்டைகளுக்கும் அரிசிச் சாக்குக்கும் நடுவே வாழ்ந்தன. 1964-இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டபோது, தலைமன்னாரில் கப்பலேறுவதற்காக மூட்டை கட்டிய குடும்பங்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று திகைத்து நின்ற நாட்களில், புத்தகம் எடுக்கப்படும் பொருள்களின் வரிசையில் முன்னே நின்றிருக்குமென்று நான் நினைக்கவில்லை. பிறகு 1977-ஆம் ஆண்டிலும் 1983-ஆம் ஆண்டிலும் இனக்கலவரங்கள் வந்தன. வீடுகளும் கடைகளும் எரிந்தன. நடுவே 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு சாம்பலாயிற்று. அவற்றுள் மலையகத்தார் எழுதியவை எத்தனை இருந்தனவோ! ஆகவே இன்று ஒரு தோட்டத்து வீட்டில் அகப்படும் பழம்பிரதி, உலகத்தில் எஞ்சியிருக்கும் சிலவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் அதைக் கையாள வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட பிரதியை வீட்டிலேயே படம் பிடித்து, அப்படத்திலிருந்து எழுத்தை மீட்டு, பிழை களைந்து, கைத்தொலைபேசியில் வாசிக்கத்தக்க மின்னூலாக ஆக்கும் வேலையைப் பற்றியே இங்கே எழுத எண்ணுகிறேன். இதற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. ஒரு கணினியும், நல்ல வெளிச்சமும், நிதானமும் போதும். ஆனால் இதிலே மற்றெல்லாக் காரியங்களைக் காட்டிலும் முக்கியமானதும், பெரும்பாலோர் அவசரத்தில் கைவிட்டுவிடுவதுமான ஓர் அங்கம் உண்டு. அச்சகத்தார் அதனை மெய்ப்புப் பார்த்தல் என்றும், நம் நாட்டுப் பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்குதல் என்றும் சொல்வார்கள்.

தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவிலே மைக்கேல் ஹார்ட் என்பவர் 1971-இல் குட்டன்பெர்க் திட்டத்தைத் தொடங்கினார். தமிழுக்கு அதுபோன்றதொரு கைங்கரியத்தை, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானியாகிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' என்ற பெயரால் ஆரம்பித்தார். பல நாடுகளிலே சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டு, ஒருவர் தட்டச்சிட்டதை இன்னொருவர் மூலத்தோடு ஒப்புநோக்கி வெளியிட்டார்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, ஈழத்து நூல்களுக்கென்று 2005-இல் தோன்றியது நூலகத் திட்டம். அதுவும் தொடக்கத்தில் தட்டச்சையே நாடிற்று. ஆனால் அழிந்துகொண்டிருக்கும் ஏடுகளின் தொகையும் தட்டச்சிடும் கைகளின் தொகையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமையைக் கண்டு, பக்கங்களைப் படமாகவே எடுத்துக் காப்பாற்றும் வழிக்கு மாறிற்று. அம்முடிவு சரியானதென்பதே என் அபிப்பிராயம். வீடு எரியும்போது பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருக்கலாமா? முதலில் வெளியே எடுத்துப் போட வேண்டும். மலையக நூல்களும் சஞ்சிகைகளும் துண்டுப் பிரசுரங்களுமாக அந்நிறுவனம் மீட்டு வைத்திருப்பவற்றைக் காணும்போதெல்லாம் என் மனம் நன்றியால் நிறைகிறது.

எனினும் படம் படந்தான். அது வாசகனுக்கு முழுப்புத்தகம் ஆகிவிடாது. பொகவந்தலாவையில் ஒரு பிள்ளை, தன் பாட்டி காலத்துக் கதையொன்றைச் சிறிய கைத்தொலைபேசியில் படிக்க விரும்பினால், பக்கத்தின் படத்தை விரலால் பெரிதாக்கி, வலமும் இடமும் இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் அப்படியே செய்து, மூன்றாம் பக்கத்திலே சலித்துவிடுகிறது. படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட இயலாது. கண் தெரியாதவருக்குக் கருவி அதை வாசித்துக் காட்டவும் இயலாது. எழுத்தாகிவிட்ட மின்னூலோ, தண்ணீரைப்போல் தான் புகும் பாத்திரத்தின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். திரை சிறிதானால் வரி சிறிதாகும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே ஒழுங்குபடும். படமாக்கியவர்கள் நெருப்பிலிருந்து எடுத்துத் தந்ததைத் துலக்கி வைக்கும் வேலை, இனி நம்மைப் போன்றவர்களுடையது.

பக்கங்களைப் படம் எடுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுட்பத்தில் வருடியால் எடுத்தல் நன்று. எழுத்துப் பொடியாயிருந்தால் 400. ஒடியும் புத்தகத்தை வருடியின் கண்ணாடிமேல் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துபோகும். அப்போது புத்தகத்தைப் பாதி மட்டும் விரித்துத் தாங்கி வைத்து, மேலிருந்து காமிராவால் எடுக்க வேண்டும். கோணிய பக்கங்களை நிமிர்த்தவும், இரட்டைப் பக்கத்தைப் பிரிக்கவும் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் உதவும். மழைக்காலத்தில் மட்டும் இவ்வேலையைச் செய்யாதிருத்தல் நலம். ஈரமுண்ட தாள் அலையலையாய் வளைந்து நிற்கும். அவ்வளைவில் வரிகளும் வளையும். வளைந்த வரியை யந்திரம் தவறாகவே படிக்கும். தை, மாசி மாதங்களின் வறண்ட வெயில் நமக்காகவே வருகிறது.

படத்தை எழுத்தாக்கும் கருவிக்கு எழுத்துணரி என்று பெயர். அச்செழுத்தின் வடிவத்தைப் பார்த்து இன்ன எழுத்தென்று அனுமானிப்பதே அதன் தொழில். 1980-களில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் யாவருக்கும் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் படிக்கிறது. கூகுள் நிறுவனத்தின் எழுத்துணரி அதைவிட நன்றாகவே படிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்தைச் சரியாகப் படித்துவிடுகிறது என்று கேட்டால் நமக்குப் பிரமிப்பு உண்டாகும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பக்கத்தில் 1,200 எழுத்து இருக்குமானால், நூற்றுக்கு ஒன்று தவறினாலும் பக்கத்துக்கு 12 பிழை, 200 பக்க நாவலுக்கு 2,400 பிழை. பக்கத்துக்குப் பன்னிரண்டு முறை இடறி விழுந்து எந்த வாசகன் கதையின் முடிவு வரையில் நடப்பான்?

இப்பிழைகளைச் சில காலம் உற்றுக் கவனித்த பிறகு எனக்கு ஓர் ஆச்சரியம் தோன்றிற்று. யந்திரம் செய்யும் தவறுகளிற் பல, நம் முன்னோர் பனையோலையில் பட்ட பாட்டையே மறுபடியும் நமக்குக் கொண்டுவருகின்றன. ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்துக் கொம்புக்கும் நெட்டெழுத்துக் கொம்புக்கும் வேற்றுமை இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். 'கர' என்றிருப்பது 'கர'வா, 'கா'வா, 'கர்'ஆ என்பதை, பொருளையும் யாப்பையும் ஆராய்ந்து உணர்ந்தவரே தீர்மானிக்கக்கூடும். வண்ணார்பண்ணையிலே 1849-இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரும், கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் கண்ணொளியைச் செலவிட்டுத் தீர்த்து வைத்த சிக்கல் இது. இன்று எழுத்துணரியும், மை மங்கிய பக்கத்தில் புள்ளியை விழுங்கிவிடுகிறது. காகிதத்துக் கறையைப் புள்ளியென்று எண்ணி இல்லாத இடத்தில் இடுகிறது. காலை ரகரமாக்கிக் 'காலம்' என்பதைக் 'கரலம்' என்று எழுதுகிறது. 'எ'யையும் 'ஏ'யையும், 'ஒ'வையும் 'ஓ'வையும் ஒன்றாக்குகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த வழக்கு நம் மேசைக்கு மீண்டு வந்திருக்கிறது; தீர்க்கும் முறையும் அவர்கள் கைக்கொண்ட அதே முறைதான்: மூலத்தைப் பார், பொருளை நினை, பிறகு எழுது.

மலையக நூல்களுக்கென்றே அமைந்த ஒரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தலைக்குமேல் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு நிற்கும்; ணா, றா, னா முதலியவை காலைத் தனியே ஊன்றாமல் தம்மோடு சுழித்துக்கொண்டு நிற்கும். ஈய எழுத்துகளை உடனே மாற்ற வசதியில்லாத அச்சகங்களிலே அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பழைய வடிவமே புழங்கிற்று. புதிய அச்சைப் பார்த்துப் பழகிய யந்திரத்துக்கு அத்துதிக்கை விளங்குவதில்லை. இப்பொழுது யோசியுங்கள்: மலை, தேயிலை, இலை, வேலை, காலை, விலை, தலைச்சுமை. எங்கள் கதைகளிலே பக்கந்தோறும் வரும் சொற்களெல்லாம் அந்த 'லை'யைத் தாங்கியவையாக இருக்கின்றன! 'தேயில' என்று ஓரிடத்தில், உருத்தெரியாத வேறொன்றாக இன்னோரிடத்தில் என்று, எங்கள் வாழ்வின் மையமான சொல்லிலேயே யந்திரம் தடுமாறுகிறது.

சொற்பிரிப்பும் இடர் தருவது. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு சொல் வரியின் கடைசியில் முறிந்தால் சிறு கோடு இட்டுக் காட்டுவர். தமிழ் அச்சுக் கோப்பவருக்கு அப்படிக் காட்டும் வழக்கம் இல்லை. இடம் முடிந்த இடத்தில் 'கொழுந்' என்று நிறுத்தி, அடுத்த வரியில் 'து' என்று தொடங்குவார். படிப்பவர் தாமே சேர்த்துக்கொள்வார். யந்திரத்துக்கு அது தெரியாது. வரிகளை இணைத்து மின்னூலாக்கும்போது 'கொழுந் து' என்று இடைவெளி விழும். இடைவெளியே விடாமல் இணைத்தாலோ, முழுச்சொல்லில் முடிந்த வரிகள் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு முப்பது வரியென்றால் முப்பது இடத்தில் மனிதன் தீர்மானிக்க வேண்டும். பக்கத்தின் மேலே அச்சிட்ட நூற்பெயரும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடுவதை நீக்குவதும், பக்கம் மாறுமிடத்தில் அறுந்த பந்தியை இணைப்பதும் இவ்வேளையிலேயே செய்துவிடத் தக்கவை.

ஒரே அடியாக மாற்றும் வசதி கணினியில் இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தக்கூடாது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம், ஆனால் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். ஐகாரத்தை 'ஜ' என்று படித்து 'ஜந்து' என்று எழுத்துணரி எழுதியிருக்கிறது. அதைக் கண்டு 'ஜ' எல்லாம் 'ஐ' ஆகுக என்று ஆணையிட்டால், 'ஐந்து' சரியாகும், 'ஜன்னல்' 'ஐன்னல்' ஆகிவிடும், கதாசிரியர் ஜோசப்பின் பெயரும் கெடும். ஆகவே ஒவ்வொன்றாய்க் காட்டச் சொல்லி, பார்த்துப் பார்த்தே மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்தாக அடித்து வைத்தால், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். நாளை ஒருவர் ஔவையைத் தேடும்போது அவள் அகப்படமாட்டாள்.

எல்லாவற்றிலும் பார்க்க எனக்குக் கவலை தருவது யந்திரத்தின் பிழையன்று; நல்லெண்ணமுடைய மனிதர் செய்யும் திருத்தம். ஒரு பழைய சிறுகதைத் தொகுதியை மின்னூலாக்குவதில் நான் ஈடுபட்டிருந்தபோது, வேலையைப் பகிர்ந்துகொள்வதற்காகத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கும் சில பக்கங்களை அனுப்பியிருந்தேன். இருவரும் தமிழ் நன்கு கற்றவர்கள், சிரத்தையிலும் குறைவில்லாதவர்கள். அக்கதையில் ஒரு பெண் தவறணையிலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாக ஒரு வாக்கியம் வருகிறது. தமிழ்நாட்டு நண்பரின் கணினி, 'தவறணை' என்ற சொல்லைப் பிழையென்று சிவப்புக் கோடிட்டு, 'தவணை' என்று யோசனை கூறிற்று; அவரும் அதையே ஏற்றுக்கொண்டார். யாழ்ப்பாணத்து நண்பருக்கோ தவறணை தெரிந்த சொல்தான். போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல்லென்றும், கள்ளு விற்குமிடத்தைக் குறிப்பதென்றும் அவர் நன்கறிவார். கள்ளுத் தவறணையிலே ஒரு பெண் தண்ணீர் ஊற்றுவானேன் என்று ஐயுற்று, ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறதென்று குறிப்பெழுதி அனுப்பினார்.

நான் அப்பக்கத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்திலிருக்கும் பெரியம்மாவிடம் போனேன். 40 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்; எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. திண்ணையாகிய இஸ்தோப்பில் அமர்ந்து வாக்கியத்தை உரக்கப் படித்தேன்.

"இதுல என்னா தம்பி சந்தேகம்?" என்றார் அவர். "தவறணையின்னா கன்னு போடுற எடம். பையில மண்ணப் போட்டு, தேயிலக் கம்ப நட்டு, மேல பந்தல் போட்டிருப்பாங்க. காலையிலயும் அந்தியிலயும் தண்ணி ஊத்தணும். நானே ரெண்டு வருஷம் தவறணையில நின்னவதான்."

தேயிலை நாற்றுமேடை! கற்ற இருவருக்கும் எட்டாதது, எழுத்தறியாத ஒரு தாய்க்குக் கணப்பொழுதில் எட்டிற்று. அன்றிலிருந்து, நாங்கள் மின்னூலாக்கும் பக்கங்களை அவரிடமோ அவரையொத்த வேறொருவரிடமோ ஒருமுறையேனும் உரக்கப் படித்துக் காட்டாமல் நான் முடிப்பதில்லை. அச்சுக்கூடங்களில் ஒருவர் மூலத்தைப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்து வருவது பழைய சம்பிரதாயம். அதையே நாங்கள் லயத்து வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட சொற்கள் ஒன்றிரண்டல்ல. 'பேர்' என்றால் தோட்டத்தில் ஒருநாட் சம்பளக் கணக்கு. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். அறியாதவர் அதனை ஆட்களில் பாதி என்று கருதி, 'அரைவாசிப் பேர்' என்று திருத்திவிட்டால், ஒரு குடும்பம் அன்று அரைவயிற்றோடு படுத்த செய்தி அந்த வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறது. அதிகாலையில் வேலை பிரிக்கும் இடம் 'பெரட்டுக்களம்'. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். அதைப் 'புரட்டு' என்று ஆக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். தேயிலையைக் கத்தரிப்பதை நாங்கள் 'கவ்வாத்து' என்போம். அகராதி 'கவாத்து' என்று கூறும். அகராதிக்காக அந்த வகர மெய்யை எடுத்துவிட்டால், அந்தச் சொல் மலையிலிருந்து இறங்கிவிடுகிறது. டச்சுக்காரரிடமிருந்து வந்த 'இஸ்தோப்பு', தோப்பு ஆகக்கூடாது. வேலை விட்டு நீங்க விரும்பும் தொழிலாளியை, அவன் கடன் செலுத்தப்பட்டால் விடுவிப்பதாக எழுதிக் கொடுத்த 'துண்டு', வெறும் காகிதத் துண்டன்று. அச்சீட்டில்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது என்ற கொடுமை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அக்காலத்துக் கதையில் 'துண்டு கேட்டான்' என்று வந்தால், தோளில் போடும் துண்டைக் கேட்டான் என்று எண்ணி அடிக்குறிப்பெழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆகையால் ஒவ்வொரு நூலுக்கும், அதில் வரும் இவ்வகைச் சொற்களை ஓர் ஏட்டில் எழுதி, தொடும் அனைவர்க்கும் முதலிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கமாயிற்று.

அப்படியானால் எதைத்தான் திருத்துவது? அச்சுக் கோத்தவர் கைதவறித் தலைகீழாகக் கோத்த எழுத்தைத் திருத்தலாம்; எழுத்துத் தட்டுப்பாட்டினால் செருகிய வேறளவு எழுத்தை ஒழுங்காக்கலாம்; நூலின் கடைசியில் ஆசிரியரே 'பிழைதிருத்தம்' என்று பட்டியல் கொடுத்திருந்தால் அவர் விருப்பப்படி உள்ளே திருத்திவிட்டு, அப்பட்டியலையும் கடைசியில் வைத்துவிடலாம். ஆசிரியர் வேண்டுமென்றே எழுதிய பேச்சுவழக்கை, இலக்கணத்துக்கு ஒவ்வாத சந்தியை, அவர் காலத்து எழுத்துமுறையைத் தொடலாகாது. பாத்திரம் 'ஒறவு' என்று பேசினால் ஒறவுதான்; 'உறவு' அல்ல. இரண்டில் எது என்று ஐயம் தோன்றுமிடத்தில் மூலத்தின் பக்கமே நிற்க வேண்டும். இன்னொரு கண்ணும் அவசியம். தமிழ் விக்கிமூலத்தில் யந்திரம் படித்த பக்கம் சிவப்பாக நிற்கிறது. ஒருவர் மெய்ப்புப் பார்த்ததும் மஞ்சளாகிறது. வேறொருவர் மறுபடி சரிபார்த்த பின்னரே பச்சையாகிறது. திருத்தியவரே பச்சையாக்க முடியாது என்பது மிகவும் நுட்பமான ஏற்பாடு. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாதென்பதை அவ்விதி அறிந்திருக்கிறது.

அமைப்பைப் பற்றியும் சில வார்த்தை. கதையும் கட்டுரையும் எளிதில் அமைந்துவிடும். அத்தியாயத் தலைப்பைத் தலைப்பென்று குறித்து, பந்திகளைப் பிரித்து, சிஜில் அல்லது காலிபர் போன்ற இலவச மென்பொருளால் ஈபப் என்ற வடிவத்தில் கட்டிவிட்டால் தீர்ந்தது. காலிபரை 2006-இல் ஆக்கத் தொடங்கியவர் இந்தியரான கோவிட் கோயல். பாட்டுப் புத்தகத்தில்தான் சோதனை. மலையகத்தைப் பாடிய முதல் அச்சுநூலாகச் சொல்லப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' 1869-இல் வெளிவந்தது. கோப்பிச் செடியைப் பின்னாளில் அடியோடு அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில் என்பதை நினைக்கும்போது, அந்தச் சிறு நூலின்மேல் எனக்கு ஒரு தனி வாஞ்சை பிறக்கிறது. கும்மியை, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாய்ப் பாடிப் பரப்பிய பாடல்களை, மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த நாட்டார் பாடல்களை, உரைநடைபோல் ஓடவிட்டால் தாளம் செத்துவிடும். கைத்தொலைபேசித் திரை குறுகியது. நீண்ட அடி தானாகவே மடியும். மடிந்த துண்டு புதிய அடிபோல் தோன்றும். ஆகவே மடியும் பகுதி சற்று உள்ளே தள்ளி நிற்கும்படி அமைத்து, அடி எங்கே தொடங்குகிறதென்று கண் ஒரே பார்வையில் அறியச் செய்ய வேண்டும். அப்படி அமைத்த பாட்டை வாசிக்கும்போது வாய் தானாகவே பாடத் தொடங்கும்.

உரிமை விஷயத்திலும் நேர்மை வேண்டும். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு கழியும்வரை பதிப்புரிமை அவருடைய வாரிசுகளுக்கு உரியது. 1947-இல் மறைந்த நடேசய்யரின் எழுத்தை இன்று யாரும் வெளியிடலாம். 1984-இல் மறைந்த வேலுப்பிள்ளையின் எழுத்துக்கும், 2022-இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துக்கும் குடும்பத்தாரின் சம்மதம் இன்றியமையாதது. கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பவர்களையே நான் கண்டிருக்கிறேன். சிலர் தங்கள் வீட்டிலும் பிரதி இல்லையென்று கூறி, முடிந்ததும் தங்களுக்கும் ஒன்று அனுப்பும்படி கேட்டார்கள்.

அந்தச் சிறுகதைத் தொகுதியை முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. தவறணை தன் இடத்துக்குத் திரும்பிற்று. நண்பர்கள் இருவரும் அச்சொல்லை இப்பொழுது என்னைவிட ஆசையோடு காப்பாற்றுகிறார்கள். ஒரே ஓர் இடம் மட்டும் நின்றுவிட்டது. கடைசிக் கதையின் நடுவே, கம்பியின் துரு காகிதத்தைத் தின்று போட்ட துளை, ஒரு சொல்லின் வயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முன்னே 'கா' இருக்கிறது. பின்னே 'ல்' இருக்கிறது. அந்தப் பெண் கானில் (வடிகாலில்) நின்றாளா, காட்டில் நின்றாளா, அல்லது காலையில் நின்றாளா? பெரியம்மாவிடம் மூன்று விதமாகவும் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் யோசித்து, "மூணும் நடக்குறதுதானே தம்பி. எதன்னு நான் சொல்ல?" என்றார். தலவாக்கலையில் ஒருவரிடம் மற்றொரு பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிக் கேட்டிருக்கிறேன். அதுவரை, அவ்விடத்தில் ஒரு சதுர அடைப்பை மட்டும் இட்டு, துளை விழுந்த அந்தப் பக்கத்தின் படத்தையும் மின்னூலின் கடைசியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.